ராஜாக்களுக்கு மார்க்குப் போடுவோம்

(ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ராஜாக்களைப் பற்றியதாகும். ராஜாக்கள்தான் ஒழிந்துபோய் விட்டார்களே, இனி அவர்களைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இந்நாட்டுச் சமஸ்தானங்கள் 1947-லும் அதையடுத்த சில வருஷங்களிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு விட்டன. மிச்சமிருந்த ராஜமானியமும் 1971-ல் அரசியல் சட்டத்தின் 26-வது திருத்தத்தால் போய்விட்டது. இதெல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் கிரீடம் அவர்கள் தலையை விட்டு இறங்கிற்றே ஒழிய, நம்முடைய புத்தியை விட்டு இறங்கினபாடில்லை.

தெருவில் போய்ப் பாருங்கள். "எங்கள் ஜாதி ராஜா" என்று ஒரு கூட்டம் ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. "இல்லை, அவர் எங்கள் ஜாதி" என்று எதிர்த் தெருக்காரன் வேறொரு ஆதாரம் கொண்டு வருகிறான். இருவரும் மண்டையை உடைத்துக் கொள்கிறார்கள். அந்த ராஜா இருந்த காலத்தில் இந்த இரண்டு பேருடைய பாட்டன் பூட்டன்மாரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஒருவன் ஏர் பிடித்திருப்பான், மற்றவன் கல் சுமந்திருப்பான். அவர்களுக்கு அந்த ராஜா என்ன கொடுத்தான், அவர்களிடமிருந்து என்ன பிடுங்கினான் என்று கேட்பதற்கு ஒருவரையும் காணோம்.

ஆகவே இன்று நாம் ஒரு காரியம் செய்வோம். பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் பையன்களுக்குப் பரீட்சை வைத்து மார்க்குப் போடுகிறாரல்லவா? அதேபோல சில ராஜாக்களை வரிசையாக நிற்கவைத்து மார்க்குப் போட்டுப் பார்ப்போம். இது விளையாட்டல்ல. அமெரிக்காவில் 1948-ம் வருஷம் ஆர்தர் ஷ்லெசிங்கர் என்ற சரித்திர ஆசிரியர், தம் போன்ற 55 பேரைக் கேட்டு, அந்நாட்டு ஜனாதிபதிகளைத் தரம் பிரித்து ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். அதற்குப் பிறகு அங்கே அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஜனங்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைத்த ஜனாதிபதிக்கே மார்க்குப் போடலாமென்றால், அப்பன் செத்ததனால் ராஜாவானவனுக்கு ஏன் போடக்கூடாது?

மார்க்குப் போடுவதற்கு முன்னால் வினாத்தாளை யார் தயாரிப்பது என்று தீர்மானித்தாக வேண்டும். ஏனென்றால், இதுவரை ராஜாக்களுக்கு மார்க்குப் போட்டவர்கள் எல்லாம் ராஜாவிடம் சம்பளமோ நிலமோ வாங்கினவர்கள்தான். நம் நாட்டுக் கல்வெட்டுக்களிலே மெய்க்கீர்த்தி என்று ஒரு பகுதி முதலில் வருமே, அது என்ன? இன்னின்ன நாட்டை ஜெயித்தான், இன்னின்னாரை ஓட ஓட விரட்டினான் என்று ராஜாவின் சொந்த ஆட்களே எழுதிய நற்சாட்சிப் பத்திரம். பரீட்சை எழுதினவனே தன் தாளைத் திருத்திக்கொண்டால் எத்தனை மார்க்கு வரும்? நூற்றுக்கு நூறு வராமல் என்ன செய்யும்?

அந்தப் பழைய வினாத்தாளிலே நான்கு கேள்விகள்தான் உண்டு. எவ்வளவு தேசம் பிடித்தான்? எவ்வளவு பெரிய கட்டடம் கட்டினான்? புரோகிதனுக்கு எவ்வளவு தானம் கொடுத்தான்? எத்தனை வருஷம் சிம்மாசனத்தை விடாமல் உட்கார்ந்திருந்தான்? இவ்வளவுதான். இந்த நான்கில் ஒன்றாவது குடியானவன் கேட்கக்கூடிய கேள்வியா? தேசம் பிடித்தால் செத்தவன் யார்? கட்டடம் கட்டினால் மண் சுமந்தவன் யார்? தானம் கொடுத்தால் அந்த நெல் யார் வீட்டு நெல்? ஆதலால் நாம் அந்தத் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு வேறு தாள் எழுதுவோம்.

என்னுடைய தாளில் ஐந்து பாடங்கள். பாடம் ஒன்றுக்கு 20 மார்க்கு. ஆக மொத்தம் 100.

முதல் பாடம் உயிர். இவன் ஆட்சியில் யுத்தத்தாலும் பஞ்சத்தாலும் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள்?

இரண்டாவது வயிறு. வரி கொடுத்தவன் யார், அதைத் தின்றவன் யார்?

மூன்றாவது அறிவு. ஜனங்களுக்குப் படிப்பும் விசாரணையும் வளர்ந்ததா, மூடநம்பிக்கை வளர்ந்ததா?

நான்காவது நீதி. எல்லாருக்கும் கீழே கிடந்தவன் இவன் காலத்தில் ஒரு படியாவது மேலே ஏறினானா?

ஐந்தாவது மிச்சம். இவன் செத்தபிறகு, இவன் இல்லாமலே நின்ற நல்ல காரியம் எது?

இவற்றோடு ஒரு நிபந்தனையும் உண்டு. நம் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கணக்கில் நூறு வாங்கிவிட்டு, தமிழில் பத்து வாங்கினால் பாஸ் என்பார்களா? ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 35 வாங்கியாக வேண்டும். அதே விதிதான் இங்கேயும். 20-க்கு 7 ஒவ்வொரு பாடத்திலும் வாங்க வேண்டும். ஒன்றில் தவறினாலும் பெயில். இந்த விதி ஏன் அவசியம் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் அசோகனைக் கூப்பிடுவோம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஏறக்குறைய 36 வருஷம் ஆண்டவன். பட்டத்துக்கு வந்து எட்டு வருஷமானபின் கலிங்கத்தின்மேல் படையெடுத்தான். அங்கே ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் சிறைபிடித்துக் கொண்டு போகப்பட்டார்கள், அதைப்போலப் பல மடங்கு பேர் மாண்டார்கள் என்று அவனே தன் 13-வது பாறைச் சாசனத்தில் வெட்டிவைத்திருக்கிறான். தான் செய்த கொலைக்குத் தானே கணக்குக் கொடுத்து, வருத்தப்படுவதாகவும் சொல்லிக் கல்லிலே வெட்டிய வேறு எந்த ராஜாவைக் காட்ட முடியும்? அது அவனுக்கு மார்க்கு. ஆனால் நன்றாய்க் கவனியுங்கள். கலிங்க நாட்டிலேயே, புவனேசுவரத்துக்குப் பக்கத்தில் தௌலியிலும், ஜௌகடாவிலும் அவன் சாசனங்கள் இருக்கின்றன. அங்கே மட்டும் இந்த 13-வது சாசனத்தைக் காணோம். அதற்குப் பதிலாக, எல்லா ஜனங்களையும் தன் பிள்ளைகளாக நினைப்பதாக வேறு சாசனம் வைத்திருக்கிறான். உலகத்துக்கெல்லாம் சொன்ன வருத்தத்தை அடிபட்டவனிடத்தில் சொல்லவில்லை. கொண்டுபோன ஒன்றரை லட்சம் பேரைத் திருப்பி அனுப்பினதாகவும் அந்தச் சாசனத்தில் ஒரு வரி கிடையாது. மரண தண்டனையையும் எடுக்கவில்லை. தீர்ப்பான பிறகு மூன்று நாள் தவணை கொடுத்தான். ஆகவே உயிர்ப் பாடத்தில் 8.

மனிதனுக்கும் மாட்டுக்கும் வைத்தியம், வழி நெடுகக் கிணறு, நிழல் மரம் என்று ஏற்பாடு செய்தான். அந்த வைத்திய ஏற்பாட்டில் நம் சோழ பாண்டிய நாடுகளின் பெயரும் வருகிறது. லும்பினி கிராமத்துக்கு வரியை எட்டிலொரு பங்காகக் குறைத்தான். ஒரு கிராமத்துக்குத்தான் என்றாலும் குறைத்தவன் குறைத்தவன்தானே? வயிற்றுப் பாடத்தில் 11. நோய், கலியாணம், பிள்ளைப்பேறு என்று ஜனங்கள் செய்யும் சடங்குகளெல்லாம் அற்பப் பலன் உடையவை என்று 2,200 வருஷங்களுக்கு முந்தியே சொன்னான். அதையும் புரோகித பாஷையில் சொல்லாமல் ஜனங்கள் பேசின பாஷையில் சொன்னான். காந்தாரப் பக்கத்தில் கிரேக்க பாஷையிலும் அராமிக் பாஷையிலும் வெட்டினான். அறிவில் 12. விசாரணையிலும் தண்டனையிலும் எல்லாருக்கும் சமமாய் நடக்க வேண்டுமென்று அதிகாரிகளுக்கு உத்தரவு போட்டான். ஆனால் அடிமையிடம் அன்பாயிரு என்றானே தவிர, அடிமை என்பதே கூடாது என்று சொல்லவில்லை. நீதியில் 12. அவனுக்குப் பிறகு சுமார் ஐம்பது வருஷத்துக்குள் மௌரிய ராஜ்யம் அழிந்துபோயிற்று. அவன் எழுத்தைப் படிக்கக்கூடத் தெரியாமல் ஜனங்கள் மறந்து, 1837-ல் பிரின்செப் என்ற வெள்ளைக்காரர் படித்துக் காட்டவேண்டியிருந்தது. ஆயினும் சாம்ராஜ்யம் அழிந்தபின் நின்றது அந்த நல்ல எண்ணந்தான். அதனால்தான் அவன் சக்கரம் 1947-ல் இந்நாட்டுக் கொடியில் ஏறிற்று. மிச்சத்தில் 12. கூட்டிப் பாருங்கள், மொத்தம் 55. எல்லாப் பாடத்திலும் பாஸ்.

அடுத்தபடியாக பிரான்சு தேசத்துப் பதினான்காம் லூயி. 1643 முதல் 1715 வரை 72 வருஷம் சிம்மாசனத்தில் இருந்தவன். பழைய வினாத்தாளின்படி இவனுக்குத்தான் முதல் பரிசு. சூரிய ராஜா என்று பெயர் வைத்துக்கொண்டவனாயிற்றே! வெர்சேய் அரண்மனையைப் போல் உண்டா என்கிறார்கள். வாஸ்தவம். அந்த அரண்மனை வேலையில் ஒரு சமயத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் உழைத்தார்கள். தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்று ஊற்றாய்ப் பீச்சியடித்து வேடிக்கை பார்த்தான். அதே ராஜ்யத்தில் 1693, 1694 வருஷங்களில் வந்த பஞ்சத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் செத்துப்போனார்கள். 1709-ல் கடுங்குளிரும் பஞ்சமும் சேர்ந்து பல லட்சம் பேரைத் தின்றன. குளிருக்கு ராஜா என்ன செய்வான் என்று கேட்பீர்கள். குளிரை அவன் கொண்டுவரவில்லைதான். ஆனால் அந்த இரண்டு சமயத்திலும் அவன் அயல் தேசத்தாரோடு பெரிய யுத்தம் நடத்திக்கொண்டிருந்தான். தானியமும் வண்டியும் குதிரையும் காசும் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கணக்கு யார் தலையில் எழுதுவது? உயிரில் 3.

வரி சங்கதி இன்னும் அழகு. முக்கியமான நேர்வரி குடியானவன் மேல்தான். பிரபுவுக்கும் பாதிரிக்கும் அதிலிருந்து விலக்கு. 1695-ல் பிரபுக்களையும் சேர்த்து ஒரு வரி போட்டான்; ஆனால் பிரபுக்கள் சலுகை பெற்று நழுவினார்கள், பாதிரிகள் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார்கள். வயிற்றில் 2. அறிவில் மட்டும் இவன் கெட்டிக்காரன். 1666-ல் விஞ்ஞானக் கழகம் வைத்தான், 1667-ல் வானசாஸ்திரக் கூடம் கட்டத் தொடங்கினான். ஆனால் அதே ராஜா, கண்டமாலை நோய்க்காரர்களை வரிசையாக உட்காரவைத்து, ராஜாவின் கை பட்டால் நோய் தீரும் என்று ஆயிரக்கணக்கான பேரைத் தொட்டுத் தொட்டு அனுப்பிக்கொண்டிருந்தான். கடைசியில் அவன் காலே அழுகி அந்த நோயிலேயே 1715-ல் செத்தான். ஊரார் கழுத்து நோயைத் தீர்த்த கை தன் சொந்தக் காலைத் தீர்க்கவில்லையே, ஏன் என்று எந்தப் பாதிரியாவது கேட்டானா? ஆகவே அறிவில் 13-க்குமேல் போட முடியாது.

நீதியில் என்ன செய்தான்? சிறுபான்மையான பிராட்டஸ்டண்டு மதத்தாருக்கு 1598-ல் அவன் பாட்டன் கொடுத்த உரிமையை 1685-ல் பிடுங்கினான். சுமார் இரண்டு லட்சம் பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். நெசவாளியும் கடிகாரம் செய்கிறவனும் போய் ஹாலந்தையும் இங்கிலாந்தையும் பிரஷ்யாவையும் செழிக்கச் செய்தார்கள். அதே 1685-ல்தான் காலனி நாட்டு நீக்ரோ அடிமைகளை ஜங்கம சொத்தாகக் கருதும் சட்டமும் அவன் பேரால் வந்தது. நீதியில் 1. ஓடிப்போகப் பார்த்த அடிமையின் காதை அறுக்கச் சொன்ன சட்டத்துக்கு அந்த ஒன்றும் அதிகந்தான். மிச்சத்தில், கால்வாயும் சட்டத் தொகுப்பும் உண்டு. கூடவே மலைபோன்ற கடனும் உண்டு. அந்த வரிமுறையும் அந்தக் கடன் வழக்கமும் வளர்ந்து வளர்ந்து 1789-ல் வெடித்தன. 1793-ல் அவன் வம்சத்து ராஜாவின் தலையே போயிற்று. 8 போடுவோம். மொத்தம் 27. ஐந்து பாடத்தில் மூன்றில் பெயில் என்று சொல்லிவிட்டு, இரண்டில்தான் பாஸ் என்று முடிப்போம்.

மூன்றாவது ருஷியாவின் பீட்டர். இவனைப் பற்றி நம்மவர்களுக்குக் கொஞ்சம் ஆசை உண்டு. ஏனென்றால் தாடியைக் கத்தரித்தான், பாதிரித் தலைவன் பதவியை ஒழித்து 1721-ல் மதத்தை சர்க்கார் இலாகா ஒன்றின்கீழ் கொண்டுவந்தான். ராஜாவாயிருந்தும் ஹாலந்துக்குப் போய்த் தச்சு வேலைக்காரனைப் போலக் கப்பல் கட்டக் கற்றுக்கொண்டான். 1701-ல் கணக்குக்கும் கப்பலோட்டுவதற்கும் பள்ளிக்கூடம் வைத்தான், பத்திரிகை நடத்தினான், எழுத்தைச் சீர்திருத்தினான், விஞ்ஞானக் கழகத்துக்கு 1724-ல் உத்தரவிட்டான். எழுத்துச் சீர்திருத்தம் என்றால் என்ன கஷ்டமென்று தெரிந்தவர்கள் இதை மெச்சத்தான் வேண்டும். அறிவில் 15.

ஆனால் இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? ஆண் தலை ஒன்றுக்கு 74 கோபெக் என்று ஒரு தலைவரி போட்டான். பிறந்த குழந்தையும் தலை, படுத்த கிழவனும் தலை. பிரபுவின் தலையும் பாதிரியின் தலையும் மட்டும் தலையல்ல! வரியை வசூலித்துக் கொடுக்கும் பொறுப்பைப் பண்ணைப் பிரபுவிடமே விட்டதனால், பண்ணையாள் முன்னைக்காட்டிலும் இறுக்கிக் கட்டப்பட்டான். வயிற்றில் 3. சேற்று நிலத்தில் 1703 முதல் ஒரு புது நகரத்தைக் கட்டுவதற்குக் குடியானவர்களைக் கட்டாயமாய்ப் பிடித்துக்கொண்டு போனான்; நோயிலும் பசியிலும் ஆயிரமாயிரமாய்ச் செத்தார்கள். சொந்த மகன் அலெக்சியையே சித்திரவதை செய்ததில் அவன் 1718-ல் சிறையில் செத்தான். உயிரில் 4. 1722-ல் உத்தியோகத் தகுதிப் பட்டியல் ஒன்று போட்டு, பிரபு வீட்டில் பிறக்காதவனும் உழைப்பால் மேலே வரலாமென்று வைத்தான். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பண்ணையாளுக்கு அந்த ஏணியில் முதல் படியே கிடையாது. அவனுக்கு விடுதலை 1861-ல்தான், அதாவது பீட்டர் செத்து 136 வருஷம் கழித்து வந்தது. நீதியில் 5. மிச்சத்தில் 12. மொத்தம் 39.

ஆகவே தோழர்களே! தாடியைக் கத்தரித்தவன் எல்லாம் நம்மாள் என்று நினைத்துவிடக் கூடாது. பிரபுவின் தாடி போயிற்று. குடியானவன் கழுத்துக் கயிறு போகவில்லை. சீர்திருத்தம் யாருடைய முதுகின்மேல் ஏறி வருகிறது என்று பார்க்காவிட்டால், நாமும் பழைய மெய்க்கீர்த்திக்காரன் போலத்தான் மார்க்குப் போடுவோம்.

நான்காவதாக பெல்ஜியம் தேசத்து இரண்டாவது லெயோபோல்டு. 1865 முதல் 1909 வரை ஆண்டவன். இவனுக்கு இரண்டு விடைத்தாள் இருக்கிறது. ஒன்று பெல்ஜியத்துத் தாள். அங்கே அவனுக்குக் "கட்டட ராஜா" என்று பெயர். பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் பெரிய வளைவுகளும் பூங்காக்களும் அவன் காலத்தவை. 1870-ல் பக்கத்து வீட்டில் யுத்தம் நடந்தபோது தன் நாடு அதில் சிக்காமல் தப்பியது. 1889-ல் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை ஆலையில் வைக்கக்கூடாதென்று சட்டம் வந்தது. 1893-ல் ஆண்கள் எல்லாருக்கும் ஓட்டு வந்தது. இவற்றில் ராஜாவுக்கு எவ்வளவு, பார்லிமெண்டுக்கும் வேலை நிறுத்தம் செய்த தொழிலாளிக்கும் எவ்வளவு என்று பிரித்தாக வேண்டும். அப்படிப் பிரித்தும் தாராளமாக 50 மார்க்குப் போடலாம்.

இனி இரண்டாவது தாள், காங்கோத் தாள். 1885-ல் ஐரோப்பிய வல்லரசுகளின் சம்மதத்தோடு, ஆப்பிரிக்காவில் பெல்ஜியத்தைப்போல் 76 மடங்கு பெரிய தேசத்தைத் தன் சொந்த ஆஸ்தியாக எடுத்துக்கொண்டான். அடிமை வியாபாரத்தை ஒழிக்கிறேன், நாகரிகம் கொடுக்கிறேன் என்று சொல்லித்தான் எடுத்துக்கொண்டான். அங்கே அவன் ஒரு நாளாவது போனதில்லை. ஊருக்கு இவ்வளவு ரப்பர் என்று அளவு விதித்தான். அளவு குறைந்தால் பெண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்தார்கள், ஊரைக் கொளுத்தினார்கள், சுட்டார்கள். சுட்ட தோட்டாவுக்குக் கணக்குக் காட்டுவதற்காக மனிதர்களின் வலது கையை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். 1904-ல் ரோஜர் கேஸ்மெண்டு என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் அறிக்கை வெளிவந்தது. ராஜாவே போட்ட விசாரணைக் கமிஷனும் மறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டது. 1908-ல் அந்த நாட்டை அவனிடமிருந்து எடுத்துவிட்டார்கள். செத்தவர்கள் பல லட்சம் என்றும், ஒரு கோடி வரையில் என்றும் மதிப்பிடுகிறார்கள். அந்த ரப்பர்ப் பணத்தில்தான் பிரஸ்ஸல்ஸ் வளைவுகள் எழும்பின. காங்கோத் தாளில் ஐந்து பாடத்திலும் பூஜ்யம்.

இப்பொழுது சொல்லுங்கள். 50-ம் பூஜ்யமும் கூட்டி இரண்டால் வகுத்து 25 என்று போடலாமா? ஒரு கையில் பூங்கா, ஒரு கையில் வெட்டின கைகள், இரண்டையும் தராசில் வைத்துச் சரிக்கட்டலாமா? கூடாது. இதற்காகத்தான் அந்த விதியை முதலிலேயே சொன்னேன். உயிர்ப் பாடத்தில் தவறினவனுக்குக் கட்டட மார்க்கைக் காட்டிப் பாஸ் போடக்கூடாது. பெல்ஜியத்துக்காரன் அநேக வருஷம் ஒரு தாளை மட்டும் பார்த்துச் சிலை வைத்தான். 2020-ல் ஜனங்கள் இரண்டாவது தாளைக் கையில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தபோது, சில ஊர்களில் சிலை இறங்கிற்று. அவ்வருஷம் ஜூன் 30-ந் தேதி, காங்கோ விடுதலை பெற்ற 60-வது வருஷ நாளில், அதே வம்சத்து ராஜா பிலிப் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். சிலை எவ்வளவு உயரமாயிருந்தாலும் விடைத்தாள் ஒருநாள் வெளியே வந்தே தீரும்.

கடைசியாக, ஒரு சின்ன ராஜா. கோல்ஹாப்பூர் ஷாகு மகாராஜா. 1894 முதல் 1922 வரை ஆண்டார். யுத்தம் செய்து ஒரு அடி நிலம் பிடித்தவரல்லர். பிரிட்டிஷாருக்குக் கீழ்ப்பட்ட சமஸ்தானம். பழைய வினாத்தாளின்படி இவருக்குப் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே இடம் கிடையாது. இவர் பட்டத்துக்கு வந்த வருஷத்தில், பொது நிர்வாகத்தில் இருந்த 71 பெரிய உத்தியோகங்களில் 60 பார்ப்பனர் கையில் இருந்தன. போதாக்குறைக்கு, சிம்மாசனத்தில் இருந்த இவரையே சூத்திரன் என்று சொல்லி, இவர் வீட்டுச் சடங்கில் வேத மந்திரம் சொல்ல மாட்டேனென்று புரோகிதன் மறுத்தான். சம்பளம் கொடுக்கிற ராஜாவுக்கே இந்தக் கதி என்றால், சந்தையில் செருப்புத் தைக்கிறவன் கதி என்ன?

1902-ம் வருஷம் ஜூலை 26-ந் தேதி ஒரு உத்தரவு போட்டார். இனிக் காலியாகும் உத்தியோகங்களில் நூற்றுக்கு 50 பிற்பட்ட வகுப்பாருக்கு என்பது அந்த உத்தரவு. சென்னையில் நீதிக் கட்சி ஆட்சி வகுப்புரிமை உத்தரவு போட்டது 1921-ல். அதற்கும் 19 வருஷம் முந்தினது இது. உத்தியோகம் கொடுத்தால் போதுமா, படிக்க இடம் வேண்டாமா என்று வகுப்பு வகுப்பாக மாணவர் விடுதிகள் வைத்தார். 1917-ல் ஆரம்பப் படிப்பைக் கட்டாயமாக்கி இலவசமாக்கினார். 1919-ல் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனிப்பள்ளி வேண்டாம், எல்லாரும் ஒரே பள்ளியில் உட்காரட்டும் என்றார். கங்காராம் காம்பிளே என்ற தாழ்த்தப்பட்ட தோழர் தேநீர்க் கடை வைத்தபோது, ஊரார் முன்னிலையில் அங்கே போய்த் தேநீர் குடித்தார். 1920-ல் மாண்காவ் மகாநாட்டில் இளைஞரான அம்பேத்கரைக் காட்டி, உங்களுக்குத் தலைவர் கிடைத்துவிட்டார் என்று ஜனங்களுக்குச் சொன்னார். 1907-ல் திட்டமிட்ட ராதாநகரி அணை அவருக்குப் பிறகு முடிந்து இன்றும் தண்ணீர் கொடுக்கிறது.

குறை இல்லையா? உண்டு. புரோகிதன் அவமானப்படுத்தினபோது, புரோகிதமே வேண்டாமென்று தள்ளாமல், எனக்கும் வேத மந்திரம் வேண்டுமென்று போராடினார். 1920-ல் மராட்டியருக்கென்று ஒரு புது ஜகத்குருவையே நியமித்தார். பழைய குருவின் செருக்கு ஒழிந்தது, ஆனால் குரு என்ற நாற்காலி ஒழியவில்லை. வேட்டைக்கும் மல்யுத்தத்துக்கும் செலவழித்தார். ஆதலால் உயிரில் 12, வயிற்றில் 11, அறிவில் 15, நீதியில் 17, மிச்சத்தில் 14. மொத்தம் 69. இன்றைய வரிசையில் முதல் இடம் இவருக்குத்தான்.

நிற்க. இதைக் கேட்டு, "அப்படியானால் நல்ல ராஜா இருந்தால் ராஜாங்கமே நல்லதுதானே?" என்று யாராவது கேட்கக்கூடும். அதற்கு இரண்டு பதில் சொல்லுகிறேன்.

ஒன்று. இந்த ஷாகு பிறக்கும்போது ராஜகுமாரனல்லர். காகல் ஜாகீர்தார் வீட்டில் பிறந்த யஷ்வந்தராவ் என்ற பையன். 1884-ல் சுவீகாரம் எடுக்கப்பட்டு ராஜாவானார். அன்றைக்கு வேறொரு பையனைச் சுவீகாரம் எடுத்திருந்தால்? அந்த 50-ம் இல்லை, அந்த விடுதியும் இல்லை. ஒரு ராஜ்யத்து ஏழைகளின் தலைவிதி, எந்தப் பையனைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளுகிறார்கள் என்பதைப் பொறுத்திருந்தால், அதற்குப் பெயர் ஆட்சியா, குதிரைப் பந்தயமா? ஐந்து ராஜாக்களை எடுத்துக்கொண்டோம். தேறினவர்கள் இரண்டே பேர். ஐந்து தடவையில் மூன்று தடவை கவிழ்கிற வண்டியில் பெண்டு பிள்ளைகளை ஏற்றுவீர்களா?

இரண்டாவது. ராஜா எவ்வளவு நல்லவனாயிருந்தாலும் அவன் உத்தரவு ஜனங்களின் புத்தியை மாற்றிவிடாது. பரோடா சயாஜிராவ் கெய்க்வாட் மகாராஜாவும் சீர்திருத்தக்காரர்தான். கட்டாயப் படிப்பை ஷாகுவுக்கு முன்னாலேயே கொண்டுவந்தவர். அம்பேத்கரை 1913-ல் அமெரிக்காவுக்கு அனுப்பிப் படிக்கவைத்ததும் அவருடைய உபகாரச் சம்பளம்தான். படித்துவிட்டு 1917-ல் பரோடாவுக்கே உத்தியோகத்துக்கு வந்தபோது, அந்தப் பெரிய படிப்பாளிக்குக் குடியிருக்க ஒரு வீடு கிடைக்கவில்லை. தங்கியிருந்த விடுதியிலிருந்தும் தடியோடு வந்து துரத்தினார்கள். ராஜாவின் கிருபை அமெரிக்கா வரையில் போயிற்று. அடுத்த தெருவுக்கு வரவில்லை. அந்தத் தெருவுக்கு அதைக் கொண்டுபோக வேண்டியவர்கள் நீங்களும் நானுந்தான்.

நான் போட்ட மார்க்கே வேதம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அசோகனுக்கு இன்னும் இரண்டு சேர்க்க வேண்டுமென்று ஒருவர் சொல்லலாம், ஷாகுவுக்கு மூன்று குறைக்க வேண்டுமென்று ஒருவர் சொல்லலாம். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஏன் சேர்க்கிறீர்கள், ஏன் குறைக்கிறீர்கள் என்பதற்குக் காரணம் சொல்லுங்கள். "எங்கள் ஜாதி" என்பது காரணமல்ல. "பெரிய கோபுரம் கட்டினான்" என்பது காரணமல்ல. அவன் காலத்தில் கல் சுமந்தவனைக் கேட்டால் எத்தனை மார்க்குப் போட்டிருப்பான் என்று நினைத்துப் பார்த்துப் போடுங்கள்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். செத்துப்போன ராஜாவுக்கு மார்க்குப் போடுவதனால் அவனுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. லாப நஷ்டமெல்லாம் நமக்குத்தான். செத்தவனை எந்தக் கோலால் அளக்கிறோமோ, அதே கோலால்தான் உயிரோடிருக்கிறவனையும் அளப்போம். வளைவுக்கும் சிலைக்கும் ஊர்வலத்துக்கும் மயங்கிப் பழைய ராஜாவைப் பெரியவன் என்று சொல்லிப் பழகினவன், ஓட்டுக் கேட்க வருகிறவன் வளைவு கட்டினாலும் மயங்கத்தான் செய்வான். பள்ளிக்கூடம் எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, என் வரி எங்கே போயிற்று, என் கீழே இருக்கிறவன் ஏறினானா என்று பழைய ராஜாவைக் கேட்டுப் பழகினவன்தான் புதிய அதிகாரியையும் கேட்பான்.

அசோகன் காலத்துக் குடியானவன் கையில் எழுதுகோல் கிடையாது. லூயி காலத்துக் குடியானவனுக்கு வாய் கிடையாது. காங்கோக்காரனுக்குக் கையே இல்லாமல் செய்தார்கள். உங்கள் கையில் எழுதுகோலும் இருக்கிறது, ஓட்டும் இருக்கிறது. ஆகவே வீட்டுக்குப் போனதும், உங்கள் ஊரில் எந்த ராஜாவின் படத்துக்கு மாலை போடுகிறார்களோ, அந்த ராஜாவை இந்த ஐந்து பாடத்திலும் பரீட்சை வைத்துப் பாருங்கள். பாஸானால் நல்லது, அவன் செய்ததை நாமும் செய்வோம். பெயிலானால், மாலைக்குச் செலவாகிற காசுக்கு ஒரு பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.